சாட்சி பேசும்போது குற்றம் சாட்டப்பட்டவர் ஏன் அங்கே இருக்க வேண்டும்?

புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை திருடியதாக ஒருவர் மீது வழக்கு என்று வைத்துக்கொள்வோம். “இரவு ஒன்பது மணிக்கு எடைமேடை அருகே இவரைப் பார்த்தேன்” என்கிறார் சாட்சி. எடைமேடை விளக்கு ஒரு வாரமாக எரியவில்லை. அது தோட்டத்திலேயே குடியிருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியும், அவருடைய வழக்கறிஞருக்குத் தெரியாது. சாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்து, உடனே அவர் தம் வழக்கறிஞரிடம் சொன்னால்தான் குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி எழும்.

சட்டம் இதை அறிந்தே வைத்திருக்கிறது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 264ஆவது பிரிவின்படி, சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில்தான் பதிவாக வேண்டும். நேரில் வருவதிலிருந்து அவருக்கு விலக்கு இருந்தால், அவருடைய வழக்கறிஞர் முன்னிலையில் பதிவாக வேண்டும்.

அடுத்து வரும் 265ஆவது பிரிவு தோட்டப்புறத் தமிழருக்கு இன்னும் முக்கியம். சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் இருந்தால், புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்திலேயே பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும். கடைத்தெரு மலாய் வேறு, நீதிமன்ற மலாய் வேறு. பாதி புரிந்து தலையாட்டுகிறவர் அங்கே இருந்தும் இல்லாதவரே.

விதிவிலக்குகளும் உண்டு. 2007ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சிகள் சட்டம், குழந்தைச் சாட்சி திரைக்குப் பின்னாலிருந்தோ நேரலைக் காணொளி வழியாகவோ பேச வழிசெய்கிறது. தன்னைத் துன்புறுத்தியவராகச் சொல்லப்படும் ஆளின் முகத்தைப் பார்த்துக் குழந்தை நடுங்க வேண்டியதில்லை. இது நியாயமான ஏற்பாடு.

கவலை தருவது, பாதுகாப்புக் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டம். அரசமைப்பின் 5ஆவது விதியையும் 264ஆவது பிரிவையும் பெயர் சொல்லியே ஒதுக்கிவைக்கிறது அதன் 14ஆவது பிரிவு. அடையாளத்தை வெளியிட மறுக்கும் அரசுத் தரப்புச் சாட்சியை, குற்றம் சாட்டப்பட்டவரும் வழக்கறிஞரும் இல்லாத தனியறையில் நீதிமன்றம் முதலில் விசாரிக்கும். பாதுகாப்பு தேவை என்று கண்டால், இருவர் கண்ணிலும் படாமல் அவர் சாட்சி சொல்லலாம். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அஞ்சினால், குரலும் அவர்களுக்குக் கேட்காது.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேர் இந்தச் சட்டத்தில் கைதானார்கள். காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதனும் சிரம்பான் ஜெயா உறுப்பினர் பி. குணசேகரனும் அவர்களில் இருவர். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கைக் கைவிட்டார். வழக்கு நடந்திருந்தால், முகம் தெரியாத சாட்சிகளை அவர்கள் எதிர்கொள்ள நேர்ந்திருக்கலாம்.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையின் 14ஆவது விதி, தன் முன்னிலையில் விசாரிக்கப்படும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. மலேசியா அதில் இன்னும் இணையவில்லை. சாட்சியின் உயிரைக் காப்பது அரசின் கடமைதான். அதற்காக எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கண்ணையும் காதையும் சேர்த்துக் கட்டுவது நீதியாகாது. சொஸ்மாவின் 14ஆவது பிரிவு திருத்தப்பட வேண்டும்.

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்குத் தேதியைத் தவறவிடாதீர்கள். பிடியாணை வரும், பிணைப்பணமும் போகும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தை நாடுங்கள். சாட்சி சொல்வது புரியவில்லை என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீதிபதியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அது சலுகையல்ல, உங்கள் உரிமை.