பட்டாலிக் மலையில் காத்திருந்த வீரர்

பண்டசோழநல்லூரிலிருந்து புதுவைக் கடற்கரைக்குச் செல்லும் நம் குடும்பங்கள் அங்குள்ள போர் நினைவுச் சின்னத்தைக் கண்டிருக்கும். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து உயிர்நீத்த நம் மண்ணின் மைந்தருக்காக 1938ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது அது. அவர்களுள் பலர் கடல் கடந்த மண்ணிலேயே துயில்கின்றனர். மாண்ட மகனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண்பதும் எத்தகைய ஆறுதல் என்பதை அவர்களுடைய தாய்மாரே அறிந்திருப்பர்.

அந்த ஆறுதலுக்காக, நம் காலத்திலும் திருச்சிராப்பள்ளியில் ஒரு தாய் காத்திருந்தார். அவருடைய மகன் மேஜர் மாரியப்பன் சரவணன். 1972ஆம் ஆண்டு இராமேசுவரத்தில் பிறந்த இவர், பீகார் ரெஜிமென்டின் முதலாம் பட்டாலியனில் காலாட்படை அதிகாரியாகப் பணியாற்றினார்.

1999ஆம் ஆண்டு, கார்கில் பகுதி மலைமுகடுகளைப் பாகிஸ்தான் படையினர் கைப்பற்றியிருந்தனர். பட்டாலிக் பகுதியில், 14,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த எதிரிகளின் அரண் ஒன்றைப் பிடிக்கும் பொறுப்பு சரவணனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வுயரத்தில் மூச்சு விடுவதே கடினம். மறைந்துகொள்ள மரமோ புதரோ கிடையாது. மேலே இருப்பவனுக்குக் கீழிருந்து ஏறி வருபவன் தெளிவான இலக்கு.

மே 29ஆம் நாள் விடியற்காலையில் தாக்குதல் தொடங்கியது. குண்டுமழைக்கு நடுவே சரவணன் தம் வீரர்களுக்கு முன்னே சென்றார். ராக்கெட் லாஞ்சரால் அரணைத் தாக்கி எதிரிகள் இருவரை வீழ்த்தினார். குண்டுச் சிதறல்கள் உடலைத் துளைத்த பின்னரும் பின்வாங்காது போரிட்டு, மேலும் இருவரை வீழ்த்தினார். இறுதியில் தலையில் குண்டு பாய்ந்து சாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. அதே போரில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் உயிர்நீத்தார். இருவருக்கும் வீர சக்ர விருது வழங்கப்பெற்றது.

ஆனால் அம்மலைச்சரிவு எதிரிகளின் துப்பாக்கிக்கு இலக்காகவே இருந்தது. சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனிமலையிலேயே கிடந்தது. ஜூலைத் தொடக்கத்தில் அவருடைய பட்டாலியன் ஜூபார் முகட்டை மீட்ட நாட்களில்தான் அவ்வுடலைத் தோழர்கள் கொண்டுவர முடிந்தது. திருச்சியில் இராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. இன்று அந்நகரின் கன்டோன்மென்ட் பகுதியில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என நாம் சிறுவயதிலேயே மறைக்கல்வியில் கற்றிருக்கிறோம். பீகார்ப் படைப்பிரிவின் வீரர்கள், தமிழ்த் தாய் ஒருவரின் மகனுக்கு அக்கடமையைச் செய்து முடித்தனர். முன்னேறிச் சென்று உயிர் தந்தவரின் துணிவு பெரிது. அவரை மறவாது மீட்டு வந்தோரின் அன்பும் அதற்குக் குறைந்ததன்று.

நம் பங்கிலும் படைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் காத்திருக்கும் பெற்றோர் இருக்கலாம். வீரரைப் போற்றும் நாம், அவ்வீட்டுப் படியையும் ஒருமுறை ஏறி நலம் விசாரித்து வருவோமா?