குவிக் திராட்டில் (பந்தய மோட்டார் சைக்கிள்)

குவிக் திராட்டில் என்பது, வழக்கமான ஆக்சிலரேட்டரைவிடக் குறைவாகத் திருகினாலே எஞ்சினின் காற்று வழியை முழுவதும் திறந்துவிடும் கைப்பிடி அமைப்பாகும். பந்தயத் தடங்களில் ஓட்டப்படும் மோட்டார் சைக்கிள்களில் இது பொருத்தப்படுகிறது. இது எஞ்சினின் குதிரைத்திறனைக் கூட்டுவதில்லை. இருக்கும் திறனைக் கை எவ்வளவு விரைவில் கேட்டுப் பெறுகிறது என்பதை மட்டுமே மாற்றுகிறது.

தமிழ்நாட்டில் பந்தயத் தடங்கள்

சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. அக்கிளப் இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த சுமார் 3.7 கி.மீ. நீளத் தடம் 1990இல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கி.மீ. நீளமுடையது, பந்தய வீரரும் வடிவமைப்பாளருமான கரிவர்தனின் பெயரைத் தாங்கியது. ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டிவிஎஸ் நிறுவனத்தின் பந்தய அணி 1982 முதல் இயங்கி வருகிறது.

இத்தகைய தடங்களில் ஹேண்டில் தாழ்வாகவும் ஓட்டுபவரின் உடல் முன்சாய்ந்தும் இருக்கும். அந்நிலையில் மணிக்கட்டை 90 பாகைக்கு மேல் திருகுவது கடினம். முழங்கை கீழே இறங்கும். அல்லது பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிக்க நேரும். அதே கையின் விரல்கள்தான் முன்பிரேக்கையும் இயக்க வேண்டும். திருகும் கோணத்தைக் குறைக்க வேண்டிய தேவை இங்குதான் எழுகிறது.

செயற்படும் விதம்

பள்ளிப் பாடத்தில் வரும் 'சக்கரமும் அச்சும்' என்ற எளிய எந்திரமே இதன் அடிப்படை. கைப்பிடிக் குழாயின் உள்முனையில் ஓர் உருளை உண்டு. பிடியைத் திருகும்போது கேபிள் அந்த உருளையில் சுற்றி இழுபடுகிறது. இழுபடும் நீளம், உருளையின் ஆரத்தைத் திருகிய கோணத்தால் (ரேடியனில்) பெருக்கக் கிடைப்பதாகும். ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 பாகை.

எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியின் காற்று வழியை முழுவதும் திறக்க 28 மி.மீ. கேபிள் இழுபட வேண்டும் எனக் கொள்வோம்.

• ஆரம் 16 மி.மீ.: 28 ÷ 16 = 1.75 ரேடியன், அதாவது சுமார் 100 பாகை.
• ஆரம் 20 மி.மீ.: 1.4 ரேடியன், சுமார் 80 பாகை.
• ஆரம் 24 மி.மீ.: 1.17 ரேடியன், சுமார் 67 பாகை.

இந்த ஆதாயம் இலவசமாக வருவதில்லை. உருளை பெரிதானால் ஸ்பிரிங்கின் இழுவிசைக்கு எதிராகக் கை செலுத்தும் விசையும் அதே விகிதத்தில் கூடும். 16இலிருந்து 20க்கு மாறினால் 25 விழுக்காடும், 24க்கு மாறினால் 50 விழுக்காடும் அதிகம். பல சுற்றுகள் ஓடியபின் முன்கை சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது இழப்பு நுணுக்கத்தில். மேடுபள்ளத்தில் கை 5 பாகை அசைந்தால், 16 மி.மீ. உருளையில் கேபிள் 1.4 மி.மீ. நகரும், 24 மி.மீ. உருளையில் 2.1 மி.மீ. நகரும். எஞ்சின் குறைந்த சுழற்சியில் இருக்கும்போது, காற்று வழி சிறிதளவு திறந்தாலே திறனில் பெரும் மாற்றம் ஏற்படும். எனவே வளைவின் நடுவில், வண்டி சாய்ந்திருக்கும் நேரத்தில் இந்த வேறுபாடு பின்சக்கரத்தை வழுக்கச் செய்யலாம். வழுக்கியதும் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென மூடினால் சக்கரம் மீண்டும் தரையைப் பற்றி, ஓட்டுபவரைத் தூக்கி எறியும். பந்தயத்தில் மிக மோசமான விழுகை வகைகளுள் இது ஒன்று.

தேர்வு செய்யும் முறை

முதலில் இப்போதைய கோணத்தை அளக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பிடியிலும் அதை ஒட்டிய சுவிட்ச் பெட்டியிலும் நேர்நேராக ஒட்டு நாடா ஒட்டி, முழுவதும் திருகி, இரு குறிகளுக்கும் இடைப்பட்ட வில்நீளத்தைப் பிடியின் மேற்பரப்பிலேயே அளக்கவும். அந்நீளத்தைப் பிடியின் சுற்றளவால் வகுத்து 360ஆல் பெருக்கினால் கோணம் கிடைக்கும். 32 மி.மீ. விட்டமுள்ள பிடியின் சுற்றளவு சுமார் 100 மி.மீ.; அதில் 25 மி.மீ. வில் என்பது 90 பாகை.

மணிக்கட்டை மாற்றிப் பிடிக்காமலேயே முழுத் திறப்பை எட்ட முடிந்தால் மாற்றம் தேவையில்லை. எட்ட முடியாதபோது ஒரே தாவலாக மிகப் பெரிய உருளைக்குப் போகாமல் ஒரு படி மட்டும் ஏறுவது நல்லது. இத்தாலியின் டொமினோ, அமெரிக்காவின் மோஷன் புரோ போன்ற நிறுவனங்கள் இவ்வகைக் கைப்பிடிகளைத் தயாரிக்கின்றன. உருளையை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய வகைகளும் உண்டு. சில உருளைகள் வட்டமாக இல்லாமல், தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் இழுக்கும் வடிவில் இருக்கும். புதியவர்களுக்கும் மழைக்காலத்துக்கும் அவை ஏற்றவை.

கேபிள் இல்லாத மின்னணுத் திராட்டில் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2017இல் வெளிவந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2020 மாதிரியில் மின்னணுத் திராட்டிலுக்கு மாறியது. அதில் மழை, நகரம், ஸ்போர்ட், டிராக் என்ற நான்கு முறைகள் தரப்பட்டன. கையின் திருப்பத்துக்கு எஞ்சின் எப்படி மறுமொழி தர வேண்டும் என்பதை அங்கே கணினியே தீர்மானிக்கிறது.

பொருத்தியபின் சோதனை

• முழுவதும் திருகிக் கையை விட்டால் பிடி தானாகவே சட்டென மூட வேண்டும். உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் பந்தய விதியும் இதையே கோருகிறது.
• ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி இதே சோதனையைச் செய்ய வேண்டும்.
• எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஹேண்டிலைத் திருப்பினால் சுழற்சி கூடக் கூடாது. கூடினால் கேபிள் இறுக்கமாக உள்ளது அல்லது தவறான வழியில் செல்கிறது.
• கேபிளில் சிறிது தளர்வு இருக்க வேண்டும்.
• எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும்.

பொதுச்சாலையில்

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர் செல்வது போன்ற சாலைகளில், அன்றாடம் ஓடும் வண்டிக்கு இவ்வமைப்பு பொருந்தாது. தடத்தில் எதிரே வண்டி வராது. ஆடு மாடு குறுக்கே வராது. ஓரத்தில் மணல் குவிந்திராது. சாலையில் இவை எல்லாம் உண்டு. அங்கே ஓட்டுபவருக்குத் தேவைப்படுவது, தன் கையின் சிறு தவறைப் பொறுத்துக்கொள்ளும் ஆக்சிலரேட்டர்தான். நிறுவனம் வண்டியில் வைத்தனுப்பும் அகன்ற கோணம் அந்தப் பொறுமையைத் தருகிறது.