கட்டணமில்லாப் பயணச்சீட்டும் பேருந்துக் காணொளியும்: குச்சனூர் வழித்தடத்தை முன்வைத்துப் பயணியர் எண்ணிக்கைச் சரிபார்ப்பு

திறவுச்சொற்கள்: பயணியர் எண்ணிக்கை, விடியல் பயணம், பேருந்துக் காணொளி, மாதிரி எடுப்பு, குச்சனூர்

முன்னுரை

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே 8 அன்று நடைமுறைக்கு வந்தது. இத்திட்டம் பின்னர் விடியல் பயணம் எனப் பெயர் பெற்றது. அதற்கு முன்னர், ஒரு பேருந்தில் எத்தனை பேர் சென்றனர் என்பதற்கு வசூல் தொகையே சான்றாக இருந்தது. சீட்டுக் கட்டும் பணப்பையும் ஒன்றையொன்று சரிபார்த்தன. கட்டணமில்லாப் பயணச்சீட்டுக்கு அத்தகைய எதிர்ச்சான்று இல்லை. நடத்துநர் கொடுக்க மறந்த சீட்டும், ஆளின்றிக் கிழித்த சீட்டும் பணக்கணக்கில் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. எனினும் அரசின் ஈட்டுத்தொகை குறித்த வாதமும், வழித்தடத்தில் நடைகளைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவும் இவ்வெண்ணிக்கையையே சார்ந்துள்ளன. அதனைப் பேருந்தினுள் உள்ள காணொளிப் பதிவைக் கொண்டு எவ்வாறு சரிபார்க்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குச்சனூரின் இயல்பு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள குச்சனூர், சுயம்பு சனீஸ்வரர் கோயிலால் அறியப்படும் பேரூராட்சி. சனிக்கிழமைகளில், சிறப்பாக ஆடிச் சனிக்கிழமைகளில், தேனியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வரும் கூட்டம் பிற நாள்களின் பயணத்தோடு ஒப்பிட இயலாதது. சராசரி என்னும் அளவு ஏமாற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான வழித்தடம் அரிது.

கூட்டம் நெருக்கும்போது பெண்களுள் பலருக்குச் சீட்டுக் கிடைப்பதற்குள் இறங்குமிடம் வந்துவிடும். ஆகவே மிகுதியான பயணம் நிகழும் நடையிலேயே எண்ணிக்கை மிகுதியாகக் குறைகிறது. இது தற்செயல் பிழையன்று. ஒரு திசையில் மட்டும் சாயும் முறைப்பிழை.

காணொளி எதைக் காட்டும்?

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் நிர்பயா நிதியின் துணையோடு 2022 முதல் பேருந்துக்கு 3 கேமராக்கள் வீதம் பொருத்தப்பட்டன. அவற்றின் நோக்கம் மகளிர் பாதுகாப்பு, எண்ணுவதன்று. ஆயினும் முன்படியும் பின்படியும் தெளிவாகத் தெரியும் கோணம் அமைந்தால் அதே பதிவு எண்ணிக்கைக்கும் சான்றாகும்.

நடைமுறையில் மூன்று இடர்கள் எழுகின்றன. முதலாவது, நேரப் பொருத்தம். பயணி ஏறிய நிறுத்தத்திலேயே சீட்டு வழங்கப்படுவதில்லை. இரண்டு நிறுத்தம் கடந்தும் வழங்கப்படலாம். எனவே சீட்டுக்கும் காணொளிக்கும் நிறுத்தவாரியான ஒப்பீடு பொய்யான வேறுபாடுகளைக் காட்டும். முழு நடையே ஒப்பீட்டு அலகாக வேண்டும். இரண்டாவது, வரையறை. படியில் நிற்பவர் பிறர் இறங்குவதற்காகக் கீழே இறங்கி மீண்டும் ஏறுகிறார்; காணொளியில் இது ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமுமாகத் தோன்றும். இடுப்பில் உள்ள குழந்தை பயணியா என்பதும் எண்ணத் தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டியதே. மூன்றாவது, பார்ப்பவரின் பிழை. காணொளியைப் பார்த்து எண்ணுபவரும் தவறுவார். இருவர் தனித்தனியே எண்ணுதல், சீட்டுக் கணக்கை அவர்களிடமிருந்து மறைத்தல், வேறுபட்டால் மூன்றாமவர் பார்த்தல் ஆகியவை இதற்குரிய காப்புகள். இவற்றுள் மறைத்தலே இன்றியமையாதது. விடை தெரிந்தவர் விடையை நோக்கியே எண்ணுவார். ஒரு நடையின் முடிவில் ஏறியோர் தொகையும் இறங்கியோர் தொகையும் சமமாக வேண்டும் என்பது எளிய அகச்சோதனை.

எவ்வளவு பிழை ஏற்கத்தக்கது?

அமெரிக்கக் கூட்டாட்சிப் போக்குவரத்து நிர்வாகம், தானியங்கி எண்ணும் கருவிகளின் முடிவு மனித எண்ணிக்கையிலிருந்து 5 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும் எனக் கோருகிறது. இவ்வளவுகோலைக் குச்சனூர் போன்ற வழித்தடத்தில் அப்படியே பொருத்தினால் என்னாகும்? ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். 100 நடைகளில் 95 வாரநாள் நடைகள், நடைக்கு 12 பெண்கள், எவரும் விடுபடவில்லை. எஞ்சிய 5 ஆடிச் சனிக்கிழமை நடைகள். நடைக்கு 100 பெண்கள். சீட்டுப் பெற்றோர் 86 பேர். மொத்தம் 1,640 பேரில் விடுபட்டோர் 70 பேர், பிழை 4.3 விழுக்காடு. சோதனையில் வழித்தடம் தேறிவிடுகிறது. சனிக்கிழமையின் பிழையோ 14 விழுக்காடு. கூடுதல் பேருந்து வேண்டுமா என்ற வினா எழுவது அந்த 5 நடைகளைப் பற்றியே. ஆதலின் வாரநாள், சனிக்கிழமை, திருவிழா நாள் எனப் பகுத்து, ஒவ்வொரு பகுப்பிலும் தனியே மாதிரி எடுத்துத் தனியே பிழை கணித்தல் வேண்டும்.

செருமானியப் போக்குவரத்து நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிட்டுள்ள 457ஆம் எண் பரிந்துரையின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. நீண்டகாலம் அங்கு வழக்கிலிருந்த டி-சோதனை, பிழை இல்லை என்ற கருதுகோளிலிருந்து தொடங்கியது. மாதிரி சிறிதாயின் பிழையை நிறுவ இயலாது; நிறுவ இயலாமையே தேர்ச்சியாகக் கொள்ளப்பட்டது. பெரிய மாதிரி எடுத்த நேர்மையாளருக்கு இது தண்டனை. பின்னர்ச் சமான்மைச் சோதனை இவ்விடத்தைப் பிடித்தது. மருந்தியல் ஆய்வில் முன்பே பயின்ற இம்முறையில், பிழை எல்லைக்குள் இருப்பதை நிறுவும் சுமை கருவியைச் சார்கிறது. பயணச்சீட்டுக் கணக்கும் இச்சுமையையே ஏற்க வேண்டும்.

விடுபடும் பதிவுகள்

பதிவுக் கருவிகள் பழைய காட்சிகளின்மேல் புதியவற்றைப் பதிகின்றன. எனவே நடைகளைக் குலுக்கல் முறையில் முன்கூட்டியே தெரிவு செய்து, அவற்றின் பதிவைத் தனியே சேமிக்க வேண்டும். இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. படியில் பலர் தொங்கும் நடையில் தலைகள் கேமராவை மறைக்கும். அப்பதிவு தெளிவில்லை என ஒதுக்கப்படும். ஒதுக்கப்படுவன யாவும் கூட்டமான நடைகளே என்பதால், எஞ்சிய மாதிரி தூய்மையாகத் தோன்றியவாறே சாய்ந்துவிடுகிறது. அத்தகைய நடைகளை நீக்காமல், நிறுத்தங்களில் நேரில் எண்ணுவோரை நிறுத்தி ஈடுசெய்வதே முறை.

பயணியரின் முகமும் இப்பதிவில் உண்டு. எண்ணுவதற்கு முகம் வேண்டியதில்லை. படிக்கு நேர்மேலிருந்து பார்க்கும் கோணமும், எண்ணி முடித்ததும் அழிக்கும் கால வரம்பும் போதும். பாதுகாப்புக்கெனப் பெற்ற பதிவை எண்ணிக்கைக்குப் பயன்படுத்துவது நோக்க மாற்றமாதலின், 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னணியில் அம்மாற்றம் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். நடத்துநர்மீது நடவடிக்கை எடுப்பதற்கு இதே பதிவைப் பயன்படுத்தலாகாது என்ற உறுதியும் உடன் தேவை. அவ்வுறுதி இல்லையெனில், விடுபட்ட சீட்டுகளை நடையின் இறுதியில் மொத்தமாகக் கிழித்துக் கணக்கை நேர்செய்யும் வழக்கம் தோன்றும். அப்போது தொகை பொருந்தும். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினர் என்ற செய்தி மறைந்துபோகும்.