குடும்ப வரலாறு தேடல் (மதுரை வட்டாரம்)

குடும்ப வரலாறு தேடல் என்பது ஒரு குடும்பத்தின் முன்னோர் யார், எந்த ஊரினர், என்ன தொழில் செய்தனர் என்பதைப் பதிவேடுகளின் வழியே கண்டறிவதாகும். மதுரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் உழைக்கும் குடும்பங்களுக்கு உதவும் ஆவணங்கள் இங்கு விளக்கப்படுகின்றன.

கணக்கெடுப்பில் பெயர் இல்லை

இங்கிலாந்தில் 1538 முதல் பங்குக் கோயில்கள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்தன. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கூலித் தொழிலாளியின் பெயரும் எழுதப்பட்டது. அத்தாள்கள் 100 ஆண்டுகளுக்குப் பின் அனைவருக்கும் திறந்துவிடப்படுகின்றன. இந்தியாவில் கணக்கெடுப்புச் சட்டம், 1948இன் 15ஆம் பிரிவு தனிநபர் விவரங்களைப் பார்வையிட அனுமதிப்பதில்லை. எண்ணிக்கை மட்டுமே வெளியாகும். ஆகவே வேறு ஆவணங்களை நாட வேண்டும்.

உதவும் பதிவேடுகள்

* பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு: மாணவரின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை இருக்கும். முற்காலத்தில் கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து காதைத் தொடச் சொல்லி, வயதைக் கணித்து எழுதினர். எனவே தேதியை முழுமையாக நம்பக்கூடாது.
* பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம்: சகோதரர்களின் பெயர்களை வரிசையாகத் தரும். நிலமற்ற குடும்பங்களுக்கு இது பயன்படாது.
* திருமுழுக்குப் பதிவேடு: கிறித்தவக் குடும்பங்களுக்குப் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களைத் தரும். மதுரையில் அமெரிக்க மிஷன் 1834இல் பணி தொடங்கியது.
* கப்பல் பட்டியல்: 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றனர். இவர்களின் தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா, ஜில்லா ஆகியவை எழுதப்பட்டன.
* காவல்துறைப் பதிவேடு: 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டத்தின்கீழ், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் பிரமலைக் கள்ளர்களின் பெயரும் கைரேகையும் பதியப்பட்டன. இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தனர்.

ஏழைகளின் பெயரை அரசு எழுதியது பெரும்பாலும் தன் தேவைக்காகவே என்பதைக் கடைசி இரண்டும் காட்டுகின்றன.

மொய் நோட்டு

குடும்பமே தனக்காக எழுதிய ஆவணம் மொய் நோட்டு. திருமணம், காதுகுத்து போன்ற விழாக்களில் மொய் செய்தவரின் ஊர், தந்தை பெயர், தொகை ஆகியவை இதில் இருக்கும். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் இதைப் பத்திரமாக வைத்திருப்பர். பல குடும்பங்களில் தாய்மாமன் செய்முறையே முதலில் எழுதப்படும். அரசுப் பதிவேடுகளில் விடுபட்ட தாய்வழி உறவையும் தாயின் பிறந்த ஊரையும் இதிலிருந்து அறியலாம். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு பங்காளிகளைக் காட்டும்.

கவனிக்க வேண்டியவை

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து ஒரு தலைமுறையை மட்டுமே இணைக்கும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பர். ஊர், தந்தை பெயர், தொழில் ஆகியவற்றுள் இரண்டாவது பொருந்தினால்தான் ஒருவரே என்று கொள்ளலாம்.

வீட்டில் மூத்த பெண்களிடம் கேட்டு எழுதுவதிலிருந்து தேடலைத் தொடங்குவது நல்லது. வீடு மாறும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பழைய மொய் நோட்டுகள் எடைக்குப் போய்விடுகின்றன. அதற்குமுன் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கலாம்.