வீட்டுப் பட்டறையில் யந்திரங்களை அமைக்கும் முறை

ஹௌராவின் குறுகிய சந்துகளிலும், லூதியானா, படாலா, ராஜ்கோட் முதலிய நகரங்களிலும் வீட்டின் ஓர் அறையையே பட்டறையாகக் கொண்டு தொழில் நடத்துவோர் பலர். ஒரு லேத், ஒரு துளையிடும் யந்திரம், ஒரு சாணை யந்திரம், வைஸ் பொருத்திய ஒரு வேலைமேசை ஆகியவையே பெரும்பாலும் அவர்களுடைய உடைமை. இவற்றை வாங்குவதில் காட்டும் கவனத்தை, எங்கே நிறுத்துவது என்பதில் பலரும் காட்டுவதில்லை. வண்டியிலிருந்து இறக்கிய இடத்திலேயே லேத்தை நிறுத்தி, மற்றவற்றை எஞ்சிய மூலைகளில் அடைத்துவிடுகின்றனர். பல நூறு கிலோ எடையுள்ள யந்திரத்தைத் தரையில் போல்ட்டிட்டு இறுக்கிய பின் நகர்த்துவது எளிதன்று. ஆகவே, அமைப்பில் நேரும் பிழை ஆண்டுக்கணக்கில் அலைச்சலையும் விபத்தையும் விளைவிக்கும். யந்திரங்களை முதலில் காகிதத்தில் நிறுத்திப் பார்ப்பதே இதற்குத் தக்க வழியாகும்.

காகிதமும் நூலும்

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறையை இருபதில் ஒரு பங்காக வரைந்தால், 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள படம் கிடைக்கும். அதில் கதவு, சன்னல், மெயின் ஸ்விட்ச் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒவ்வொரு யந்திரத்துக்கும் அதே அளவில் ஓர் அட்டை வெட்டவேண்டும். யந்திரத்தின் அடிப்பாகத்தை மட்டும் அளந்தால் போதாது. லேத்தின் சுழல்தண்டுத் துளை வழியாக வெளியே நீளும் கம்பி, திறக்கப்படும் கியர் மூடி, வேலை செய்பவர் நிற்கும் இடம் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

அடுத்து, பட்டறையில் அடிக்கடி நடைபெறும் ஒரு வேலையை எடுத்துக்கொள்க. கம்பியை அறுத்தல், கடைதல், குறியிடல், துளையிடல், அரத்தால் தேய்த்தல் என்ற வரிசையில் அப்பொருள் செல்லும் இடங்களில் குண்டூசிகளைக் குத்தி, அவற்றின் வழியே நூலை ஓட்டுக. நூலின் நீளத்தை இருபதால் பெருக்கினால் நடக்கும் தூரம் தெரியும். நூல் 60 செ.மீ. இருப்பின் நடை 12 மீட்டர். அட்டைகளை மாற்றி வைத்து அதனை 35 செ.மீ. ஆகக் குறைத்தால் நடை 7 மீட்டராகும்.

நூல் காட்டாதவை

எனினும், நூல் குறைவது மட்டுமே நல்ல அமைப்பாகிவிடாது. லேத்தை ஒட்டிச் சாணையை வைத்தால் நடை குறையும்; ஆனால் சாணையிலிருந்து பறக்கும் துகள், எண்ணெய் படிந்த லேத் படுகையில் ஒட்டி அதனை அரித்துவிடும். எனவே சாணைக்கு எதிர் மூலையே ஏற்றது. சக்கரத்தின் நேர்கோட்டில் வீட்டார் நடமாடும் வழி அமையலாகாது. யந்திரத்தை ஓட்டத் தொடங்கும்போது சக்கரத்துக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். சக்கரத்துக்கும் கருவி தாங்கிக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது.

வேலைமேசைக்குச் சன்னலோரம் சிறந்தது. வைஸின் மேல்விளிம்பு, நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருந்தால் தோள் களைக்காது. லேத்தின் மீது நேர்வெயில் படுதல் ஆகாது. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு, 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளும், துல்லியமான வேலைக்கு இது பெரும் பிழையாகும்.

இரவு விளக்கிலும் எச்சரிக்கை தேவை. நம் மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று ஆதலால், சோக் பொருத்திய குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. நான்கு தாடைச் சக் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால், இரு துடிப்புகளுக்கு இடையே சரியாகக் கால் சுற்று நகரும். இதனால் ஓடும் சக் நின்றுவிட்டது போல் தோன்றும். அதை நம்பிக் கையை நீட்டியவர் விரலை இழக்கக்கூடும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் இவ்வாறே துடிப்பன. துடிப்பில்லாத விளக்கு ஒன்றை லேத்தருகே பொருத்துதல் அவசியம். நிறுத்தும் ஸ்விட்ச், சுழலும் சக்குக்கு மேலாகக் கை நீட்டாமலே எட்டும்படி இருக்க வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

யந்திரம் வாங்க ஆலோசனை கேட்டு வருவோரிடம், களப்பணியாளர் முதலில் அறையின் படத்தைக் கேட்பது நலம். அளவுப்படம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது வகுப்பறையிலேயே செய்யத்தக்க பயிற்சியாகும். வீட்டுப் பட்டறையில் குழந்தைகளும் நடமாடுவர் என்பதை மறத்தலாகாது. ஆகவே மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டு ஒன்று போட்டு, வேலை முடிந்ததும் சாவியை எடுத்துச் செல்லும் பழக்கத்தையும் அவர்களுக்கு வலியுறுத்துதல் வேண்டும்.