ரியோகான்: ஜப்பானியர்தம் விருந்தோம்பல் மரபு

வந்தவரை வரவேற்று உபசரித்தல் விருந்தளிப்போர் கடமை என்பதை எல்லா நாட்டினரும் அறிவர். வந்தவருக்கும் அதற்கிணையான கடமை உண்டு என்பதை நடைமுறையில் உணர்த்துவது, ரியோகான் எனப்படும் ஜப்பானிய மரபு விடுதி. அதன் வரலாறு, ஒழுங்குமுறை, இன்றைய நிலை ஆகியவற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

டோக்கியோவின் பழம்பெயர் எடோ. எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தொக்கைடோ பெருவழியில் 53 தங்கல் நிலையங்கள் இருந்தன. குறுநில மன்னர்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்கவேண்டும் என 1635ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அவர்தம் பயணங்களாலும் வணிகர், யாத்திரிகர் நடமாட்டத்தாலும் பெருவழி விடுதிகள் பெருகின. பொதுமக்களுக்கு உணவும் உறையுளும் அளித்த 'ஹத்தாகோ' விடுதிகளின் வழித்தோன்றலே இன்றைய ரியோகான். வெந்நீரூற்றுகளை ஒட்டிய விடுதிகளோ இன்னும் தொன்மையானவை. யமனாஷி மாநிலத்துக் கெய்யுன்கான் 705ஆம் ஆண்டிலும், இஷிகாவா மாநிலத்து ஹோஷி 718ஆம் ஆண்டிலும் தோன்றியதாக அவ்விடுதிகளின் மரபுவரலாறு கூறும்.

வாயிலில் காலணியைக் களைவதே விருந்தினர்க்குரிய முதல் ஒழுங்கு. உள்ளே நடக்கத் தரப்படும் செருப்பையும், 'தத்தாமி' என்னும் கோரைப்பாய்த் திண்டுகள் பரப்பிய அறைக்கு வெளியே விட்டுவிட வேண்டும். கழிவறைக்கெனத் தனிச் செருப்பு உண்டு. அறையில் கட்டில் இராது. பகலில் தாழ்ந்த மேசையும் இருக்கைத் திண்டுகளும் இருக்கும். இரவுணவுக்குப்பின் பணிப்பெண் சுவரலமாரியிலிருந்து மெத்தையை எடுத்து விரிப்பார். அறையின் ஒருபுறத்து மாடம் ஓவியச் சுருளுக்கும் மலருக்கும் உரியது. அங்குப் பெட்டிகளை வைத்தலாகாது. 'யுகாத்தா' என்னும் பருத்தி அங்கியை, இடப்புற மடிப்பு மேலே அமையுமாறு அணிதல் வேண்டும். மாற்றி அணிவிப்பது இறந்தோர்க்கு உரிய முறையாம்.

வெந்நீர்த் தொட்டியில் இறங்குமுன் உடலை நன்கு தேய்த்துக் கழுவிவிட வேண்டும். கைத்துண்டும் அந்நீரில் படலாகாது. அடுத்து வருவோரும் அதே நீரில் நீராடுவர் அன்றோ! ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் தனித்தனி இடங்கள் உள்ளன. எனினும் ஆடையின்றி நீராடுவதே அங்கு வழக்கம். அதனை விரும்பாதோர்க்குத் தனிக் குளியலறை தரும் விடுதிகளும் உள.

கட்டணம் பெரும்பாலும் இரவுணவும் காலையுணவும் சேர்த்து ஆள்கணக்கில் அமையும். பருவத்துக்கேற்ற மீனும் காய்கறியும் சிறு சிறு கலங்களில் அழகுற வைக்கப்படும். உணவு முன்னரே திட்டமிடப்படுவதால், குறித்த நேரத்தில் வந்து சேர்வது விருந்தினர் பொறுப்பு. சமையலில் அரிசி மது சேர்ப்பது ஜப்பானியர் வழக்கம். ஆதலின் அதனையும் பன்றியிறைச்சியையும் விலக்கும் முஸ்லிம் பயணியர் பதிவு செய்யும்போதே தெரிவித்துவிடுதல் நன்று.

இவையனைத்தையும் மேற்பார்ப்பவர் 'ஒகாமி' என்னும் விடுதித் தலைவி. வரவேற்பும் வழியனுப்பும் அவர் பொறுப்பே. பல குடும்பங்களில் இப்பொறுப்பு மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருகிறது.

இத்தகைய மரபு இன்று தேய்ந்து வருகிறது. 1980களில் 80,000 அளவில் இருந்த ரியோகான்கள், 2018ஆம் ஆண்டில் 40,000க்கும் குறைந்துவிட்டன. மேலைப்பாணி விடுதிகளின் போட்டியும் பணியாளர் பற்றாக்குறையும் வாரிசின்மையும் இதற்குக் காரணங்களாம். கெய்யுன்கானுக்கும் அந்நிலை நேர்ந்தது. 52 தலைமுறையாக நடத்திவந்த குடும்பத்தில் ஏற்று நடத்துவார் இல்லாமையால், 2017ஆம் ஆண்டில் அங்கு நெடுங்காலம் பணிபுரிந்த ஒருவரிடம் தலைமை ஒப்படைக்கப்பட்டது. குருதியுறவு நின்ற இடத்தில், பழகிக் கற்ற ஒருவர் மரபைத் தாங்கி நிற்கிறார்.

விருந்தினர்க்கும் இதில் பங்குண்டு. காலணியைக் களைந்து, உடலைக் கழுவி, பிறர்க்குரிய நீரைத் தூய்மையாக விட்டுச் செல்லும் ஒவ்வொருவரும் அம்மரபை ஓரிரவேனும் காக்கின்றனர். விடுதியில் மட்டுமன்றி, பிறர் இல்லத்திற்கு விருந்தினராய்ச் செல்லும்போதும் நாம் நினைவிற்கொள்ளத்தக்க பாடம் இது.