காசிமேடு திரையில் தெரிகிறது, எண்ணூர் ஏன் தெரிவதில்லை?

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூட்டம் நெரியும். ஏலம் கேட்பவர்கள், கூறு கட்டி விற்பவர்கள், மீன் வெட்டிக் கொடுப்பவர்கள், கூடையோடு வரும் குடும்பங்கள். இவர்களுக்கு நடுவே கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி படம் எடுக்க வந்தவர்களையும் இப்போது நிறையப் பார்க்கலாம். வஞ்சிரம் என்ன விலை, இறால் இவ்வளவு மலிவா, ராட்சச மீன் சிக்கியது என்ற தலைப்புகளோடு அன்றைக்கே யூடியூபில் வீடியோக்கள் ஏறிவிடும். நாமும் பார்க்கிறோம், நண்பர்களுக்கு அனுப்புகிறோம், அடுத்த வாரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.

அதே கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே போனால் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும், அதைச் சுற்றிக் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களும் அங்கே இருக்கின்றன. காசிமேட்டு வீடியோவை வாரம் தவறாமல் பார்ப்பவர்களின் திரையில்கூட எண்ணூர் தானாக வந்து நிற்பதில்லை. எண்ணூரைப் பற்றி நல்ல வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றை நமக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு வேறு கணக்கில் இயங்குகிறது.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது கடினமில்லை. 2012 வரை ஒரு வீடியோவை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதையே யூடியூப் முதன்மையாகக் கருதியது. அந்த ஆண்டில், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் மாறியது. பரிந்துரை எப்படி நடக்கிறது என்பதை அந்நிறுவனத்தின் பொறியாளர்களே 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்கள். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. கோடிக்கணக்கான வீடியோக்களிலிருந்து, நாம் முன்பு பார்த்தவற்றையும் நம்மைப் போன்றவர்கள் பார்த்தவற்றையும் வைத்துச் சில நூறு வீடியோக்களைப் பொறுக்கி எடுப்பது முதல் கட்டம். அவற்றில் எதை நாம் அதிக நேரம் பார்ப்போம் என்று கணித்து வரிசைப்படுத்துவது இரண்டாம் கட்டம். யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் இப்படிப் பரிந்துரைக்கப்பட்ட வீடியோக்களில்தான் போகிறது என்று, அப்போது அதன் தயாரிப்புப் பிரிவுத் தலைவராக இருந்த நீல் மோகன் 2018 ஜனவரியில் சொன்னார்.

இந்த ஏற்பாட்டுக்கு மீன் தெரியாது, கடல் தெரியாது. நேற்று வஞ்சிரம் பார்த்தீர்கள் என்றால் இன்றைக்கும் வஞ்சிரம்தான். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பற்றிய வீடியோவைப் பாதியில் மூடிவிட்டால், இவருக்கு இது வேண்டாம் என்று குறித்துக்கொள்ளும்.

படம் எடுப்பவர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 2018இல் வந்த விதி இது. குறும் வீடியோக்களுக்குப் பின்னர் வேறு அளவுகோலும் சேர்ந்தது. 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடங்கள். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், 60,000 முறை பார்க்கப்பட வேண்டும். தாழங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ ஓர் இளைஞர் புதிதாகச் சேனல் தொடங்கினால், அந்த எண்ணிக்கையைத் தொடுவதற்கு ஏலமும் விலையும்தான் குறுக்கு வழி. காற்றையும் நீரோட்டத்தையும் பொறுமையாக விளக்கினால் அவர் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதை உடைக்கக்கூடிய ஒன்று, விஷயம் தெரிந்த ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் பரிந்துரை. கேரம் ஆடுகிறவர்கள், கானா கேட்கிறவர்கள், ரயில் பிரியர்கள், மீன் பிரியர்கள் என்று வடசென்னையில் ஒவ்வொரு ஆர்வத்துக்கும் ஒரு வட்டம் உண்டு. அந்த வட்டத்துக்குள் எதைப் பார்க்கலாம் என்று சொல்ல ஆள் இருந்தால், திரையின் கணக்கு அங்கே செல்லாது. ஆனால் சொல்கிறவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. வீடியோவை எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும்.

எடைபோட இந்தப் பகுதியிலேயே இரண்டு நல்ல உரைகல்கள் இருக்கின்றன. ஒன்று ராயபுரம் ரயில் நிலையம். பழைய சென்னையைப் பற்றிப் பேசும் சேனல் எதுவானாலும் ஒருநாள் இந்த நிலையத்துக்கு வந்தே தீரும். இந்தியாவின் முதல் ரயில் நிலையம் இதுதான் என்று முழங்கினால், அந்தச் சேனல் படிக்காமல் பேசுகிறது என்று அர்த்தம். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தானேவுக்குப் போனது. ராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது 1856 ஜூனில். அடுத்த மாதம் 1ஆம் தேதி இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் நிலையம் என்பதும், முதலில் எழுப்பிய கட்டடம் இன்னும் நிற்கும் நிலையங்களில் நாட்டிலேயே மிகப் பழையது என்பதும் இதன் உண்மையான பெருமைகள். இவை போதாதா? பொய்ப் பட்டம் எதற்கு?

இரண்டாவது உரைகல், தடைக்காலம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக இந்த ஏற்பாடு. ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் அப்போதும் போகும், ஆனால் வரத்து குறையும், விலை ஏறும். மே மாதத்தில் ஒரு வீடியோ, விசைப்படகுகள் மூட்டை மூட்டையாக மீன் இறக்குவதைக் காட்டி இன்று காசிமேட்டில் மீன் மலிவு என்று சொன்னால், அது பழைய காட்சி. கரையில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றனவா, வலை பழுது பார்க்கிறார்களா, பெயின்ட் அடிக்கிறார்களா என்று பாருங்கள். தடைக்காலத்துத் துறைமுகம் அப்படித்தான் இருக்கும். வெளியூரிலிருந்து வண்டியில் வந்திறங்கிய மீன் எது, இங்கே படகில் வந்த மீன் எது என்று அந்த நாட்களில் பிரித்துச் சொல்லும் சேனல் எதுவோ, அதை நம்பலாம்.

இனி, எதைப் பார்க்கலாம்?

எண்ணூரைத் தெரிந்துகொள்ள நான் முதலில் சொல்வது 'சென்னை பொறம்போக்கு பாடல்'. 2017 பொங்கல் சமயத்தில் வெட்டிவேர் கலெக்டிவ் வெளியிட்ட பாடல் இது. கபேர் வாசுகி எழுதினார், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்தார், டி.எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். ஆனந்தபைரவியில் தொடங்கி பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி வழியாக சிந்துபைரவிக்குப் போகும் ராகமாலிகை. மொழியோ சென்னைத் தமிழ். சபாக்களில் கேட்டுப் பழகிய ராகங்கள் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கும் சாம்பல் படிந்த நிலத்துக்கும் நடுவே ஒலிக்கின்றன. பாடகர் முகமூடியோடு நமக்கு அறிமுகமாகிறார். ஏரி, கழிமுகம், சதுப்பு போன்ற ஊர்ப் பொது இடங்களை வெறும் நிலமாகக் கருதித் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தால் வெள்ளத்தில் ஊருக்கு என்ன நேரும் என்பதைப் பாட்டு கேட்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்கு அந்தக் கேள்வி புரியாமல் இருக்காது.

இந்தப் பாட்டை இரண்டு முறை பார்க்கச் சொல்வேன். முதல் முறை காதைக் கொடுங்கள். இரண்டாம் முறை ஒலியைக் குறைத்துவிட்டுப் பின்னணியை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது, கரை எங்கே முடிகிறது, குழாய்கள் எங்கே போகின்றன என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

பாடல் வந்த அதே மாதம் 28ஆம் தேதி எண்ணூருக்கு வெளியே கடலில் பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசிந்து கரை முழுக்க அப்பியது. ஆட்கள் வாளியால் அள்ளிய காட்சிகளை நாடே பார்த்தது. அடுத்த பேரிடர் 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம், பறவை எதுவும் தப்பவில்லை. அந்த மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

இந்த நிகழ்வுகளின் செய்திப் பதிவுகள் இன்றும் யூடியூபில் இருக்கின்றன. தேடும்போது வெறுமனே எண்ணூர் என்று போடாதீர்கள். 'எண்ணூர் எண்ணெய்க் கசிவு 2017', 'எண்ணூர் கழிமுகம் டிசம்பர் 2023' என்று ஆண்டோடு சேர்த்துப் போடுங்கள். இரண்டு ஆண்டுகளின் காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கும். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்தும் எண்ணெயை ஆட்கள்தான் கையால் அள்ளினார்கள்.

கடல் தொழிலைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் சற்றுத் தெற்கே போக வேண்டியிருக்கும். 'உங்கள் மீனவன் மூக்கையூர்' ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்தும், 'தூத்துக்குடி மீனவன்' அதன் பெயரில் உள்ள ஊரிலிருந்தும் வருகின்றன. இரண்டையும் நடத்துபவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். காமிரா படகில் இருக்கிறது, கரையில் இல்லை. அதுதான் காசிமேட்டு விலை வீடியோக்களுக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம். வலை போடுவது, காத்திருப்பது, வெறும் வலை வருவது, படகிலேயே சமைப்பது எல்லாம் இவற்றில் உண்டு. வெறும் வலையைக் காட்டும் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. சென்னைவாசிகள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தெற்கே சீலா என்றால் நம்முடைய வஞ்சிரம். காசிமேட்டில் சீலா கேட்டால் நீண்ட வாயும் கூரிய பல்லும் உள்ள வேறு மீனைத் தருவார்கள். வீடியோ பார்த்துவிட்டுப் போய்ப் பேரம் பேசினால் குழப்பம்தான்.

கானா பிரியர்களுக்கு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சேனலைச் சொல்லாமல் இருக்க முடியாது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் கலந்தன. எண்ணூரின் காற்றைப் பற்றிய ஆவணப் படத்துக்குப் பொறுமை இல்லாதவர்கள்கூட இந்தப் பாட்டுகளின் வழியே வடசென்னைக்குள் வரலாம்.

திரையைத் திருத்துவதற்கும் வழி இருக்கிறது. யூடியூப் கணக்கில் நாம் பார்த்த வீடியோக்களின் பட்டியல் இருக்கும். அதில் வேண்டாதவற்றை நீக்கினால் அவற்றை ஒட்டிய பரிந்துரைகள் குறையும். பட்டியலை மொத்தமாக அழித்துவிட்டு, பதிவாவதையும் நிறுத்தி வைத்தால் முகப்புப் பக்கம் ஏறத்தாழ வெறுமையாகிவிடும். 2023 ஆகஸ்டில் வந்த மாற்றம் இது. பிறகு நாமாகத் தேடிப் பார்ப்பதும், சந்தா போட்ட சேனல்களும் மட்டுமே மிஞ்சும். பிடித்த சேனலுக்குச் சந்தா போட்டால் மட்டும் போதாது, மணிச் சின்னத்தையும் அழுத்தி எல்லா அறிவிப்புகளும் வரும்படி வைக்க வேண்டும். மீனவர் சேனல்களில் பத்து நிமிட வீடியோவை முழுதாகப் பார்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் உதவி. 4,000 மணி நேரக் கணக்கு அப்படித்தான் நிறைகிறது.

அடுத்த முறை காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பற்றிய வீடியோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, இணைப்பை மட்டும் தட்டிவிடாதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதியில் எடுத்தது, எத்தனையாவது நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று மேலே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.